டைனோசர் அடி பார்க்க வழியனுப்பியவர்களுக்கு நன்றி

அன்பான திருகோணமலை உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டைனோசர் நடந்த தடத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். "டீச்சர், இந்த வயதில் பாலைவனத்தில் நடக்கப் போறீங்களா?" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நீங்கள் கேட்டபடியால்தான் எனக்கு ரோசமே வந்தது.

டச்பே கடற்கரையில் விடியவெள்ளன என்னை இழுத்துக்கொண்டு நடந்த கூட்டத்துக்கு முதல் நன்றி. மணலில் நடந்து நடந்து கெண்டைக்கால் இறுகியிருந்தது. அப்புறம் கோணேசர் கோயில் ஏற்றம். கோட்டைக்குள் மான் பார்க்கிற சாட்டில் நான் இளைப்பாறியதைக் கண்டும் காணாததுபோல் விட்டீர்களே, அதற்கும் நன்றி. சந்தைக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கும் தம்பி, மகளின் பழைய சப்பாத்துக்கு அடி ஒட்டிச் சுற்றிவரத் தைத்துத் தந்தார். காசு வாங்கவே இல்லை. பாறையில் ஓரிடத்திலும் வழுக்கவில்லை, தம்பி.

சோல்ட் லேக் சிட்டியில் இருக்கும் பெறாமகன் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டக் கார் ஓட்டி வேர்னல் என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். அதற்கு அருகில்தான் ரெட் ஃப்ளீட் பூங்கா. நீர்த்தேக்கக் கரையில் மூன்று பெரிய செம்பாறைகள், கப்பல்கள் வரிசையாக நிற்பதுபோல. துறைமுகத்து ஊர்க்காரிக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? பூங்காவின் முன்வாசலால் போனால் தடம் தண்ணீருக்கு அக்கரையில்தான் இருக்கும். நடைபாதை தொடங்குவது மறுபக்கத்தில். போக ஒன்றரை மைல், வர ஒன்றரை மைல். தூரம் பெரிதில்லைதான். ஆனால் இடம் கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேல், வழிநெடுக ஏற்ற இறக்கம், நிழல் என்று ஒன்றும் கிடையாது.

பெயர் கேட்க மறந்துபோன அந்தப் பூங்கா ஊழியருக்குத் தனி நன்றி. "நடு மத்தியானம் போகாதீர்கள். வெக்கைக்காக மட்டும் சொல்லவில்லை, சூரியன் உச்சியில் நின்றால் பள்ளத்தில் நிழல் விழாது, காலடியில் இருந்தாலும் தடம் கண்ணுக்குத் தெரியாது" என்றார். சாயங்கால வெயிலில் போனோம். தண்ணீரை நோக்கிச் சரிந்த பாறை. அப்படியும் முதலில் எனக்கு வெறும் கல்தான் தெரிந்தது.

அங்கே நின்ற வயதான தம்பதியர்தான் காட்டித் தந்தார்கள். அவர் வெயிலை மறைத்து நிற்க, அந்த அம்மா கைபேசி விளக்கைப் பாறையோடு படுக்கையாக வைத்துப் பிடித்தார். கல்லுக்குள்ளிருந்து மூன்று விரல்கள் எழும்பி வந்தன! நடுவிரல் நீளம், நுனி கூர்மை. தொடாமல், மேலே கையை விரித்துப் பிடித்துப் பார்த்தேன். என் கை அதற்குள் தாராளமாக அடங்கும். பக்கத்தில் கோழிக்கால் அளவில் சின்னதாகவும் சில. பையில் இருந்த எள்ளுருண்டையை அவர்களுக்கும் கொடுத்தேன்.

அந்தத் தடங்களுக்கு வயது சுமார் 20 கோடி ஆண்டுகள். டைலோபோசரஸ் போன்ற, இரண்டு காலில் நடந்த ஊனுண்ணி பதித்தவை என்கிறார்கள். அன்று அந்த இடம் மணல்மேடு. மேடுகளுக்கு இடையே தண்ணீர் தேங்கிய இடங்களில் ஈர மணலில் கால் பதிந்து, காய்ந்து, மேலே புது மணல் மூடி எல்லாம் கல்லாகிவிட்டது. எலும்பை வெள்ளம் எங்கிருந்தாவது அடித்துவந்து போட்டிருக்கலாம். தடம் அப்படியில்லை, அந்த விலங்கு அந்த இடத்திலேயே நடந்திருக்கிறது. எனக்கு எலும்பைவிடத் தடம் பெரிதாகப் படுவது அதனால்தான். இப்படிப்பட்ட பாறைகளைச் சிலர் பெயர்த்து நீர்த்தேக்கத்துக்குள் எறிந்ததாக 2018இல் செய்தி வந்தது. கைதான் எப்படி வந்ததோ!

"எங்கட சுவாமிமலையில் ஏன் பெரியம்மா இல்லை?" என்று பெறாமகன் கேட்டான். கோணேசர் கோயில் நிற்கும் நம்முடைய சுவாமிமலை, டைனோசர் பிறக்க வெகுகாலம் முன்பே உண்டாகி, நிலத்தடியில் வெந்து உருமாறிய பாறை. அதில் யார் கால் வைப்பது?

பூனைக்குச் சோறும் வெள்ளிக்கிழமை விளக்கும் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி. அந்த எள்ளுருண்டையும் அவர் கைதான். ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், படங்கள் காட்டுகிறேன். ஊன்றுகோல் தந்த துறைமுக ஐயாவுக்கு: கோல் பத்திரம். அடி ரப்பர்தான் தேய்ந்துபோனது, புதிதாகப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் புவியியல் டீச்சர்