செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நமது துப்பறியும் கதை வாசகர் வட்டம் கடந்த ஆண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாதச் சந்திப்புகள் ஒன்பதை நடத்தியது. தீபாவளி விருந்து நடந்தது. பழைய நூல்கள் இரண்டு பெட்டி ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கப்பட்டன.

இனி, உறுப்பினர்கள் எழுதும் மறுமைக் கதைத் தொகுப்பு. இது செயலாளரின் சொந்த ஆசை என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதப்பட்டதால் விரிவாகச் சொல்கிறேன்.

செத்தவர் உலகத்தில் துப்பறிவது எப்படி என்பதே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. ஆவியும் துப்பறிவும் ஒத்துவராது என்றார்கள் சிலர். 1929இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் இரண்டாவது, அமானுஷ்யம் கூடாது என்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாசகரை ஏமாற்றக் கூடாது என்பதற்குத்தானே விதி? ஆவியால் என்ன முடியும், என்ன முடியாது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று ஏது?

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. எழுத்தாளர் ராபர்ட் வான் குலிக் 1959 முதல் 1962 வரை இங்கே டச்சுத் தூதராக இருந்தார். பழைய சீனத்து நீதிபதி டீ துப்பறியும் அவருடைய கதைகளில் சில முதலில் அச்சானதே கோலாலம்பூரில்தான். 1949இல் அவர் மொழிபெயர்த்து வெளியிட்ட பழைய சீன நாவலில், கணவனைக் கொன்றவள் எதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. நீதிபதி இரவோடு இரவாக எமன் சபை ஒன்றை ஜோடித்து, அவளை அங்கே நிறுத்துகிறார். செத்துவிட்டோம் என்று நம்பி அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். மார்ச் சந்திப்பில் நான் இதைப் பேசியபோது கேட்க ஆறு பேர்தான் இருந்தீர்கள்.

நம் கதைகளுக்குச் சிக்கல் வேறு. சித்திரகுப்தன் ஏட்டில் எல்லாம் இருக்கிறது. அதைப் புரட்டினால் கதை முடிந்தது. ஓர் உறுப்பினர் அப்படியே எழுதினார். இரண்டாம் பக்கத்தில் ஏடு திறக்கிறது, கொலையாளியின் பெயர் தெரிகிறது. திருப்பி அனுப்பினேன். பிறகு அவரும் வரவில்லை, சந்தாவும் வரவில்லை. செய்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஏடு எமனின் தீர்ப்புக்கு. துப்பறியும் செத்தவன் பார்ப்பதற்கு அல்ல. கருமாதி வரை ஆவி வீட்டைச் சுற்றும் என்கிறோமே, அந்த 16 நாள்தான் அவனுக்குக் கெடு. துக்கத்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று பார்க்கிறான். யார் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, யார் கேட்காமலே அலமாரிச் சாவி இருக்குமிடத்துக்குப் போகிறார் என்பது தெரியும். யாரையும் ஒரு வார்த்தை விசாரிக்க முடியாது. துப்பறிவுக்கு இதைவிட நல்ல களம் உண்டா? 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலில் செத்தவனுக்கு ஏழு இரவுதான். நம் வழக்கத்திலேயே 16 நாள் இருக்கிறது.

எழுதுவதாகக் கை உயர்த்தியவர்கள் 18 பேர். வந்த கதைகள் ஐந்து. ஐந்தும் நல்ல கதைகள். இரண்டை மூன்று முறை படித்தேன்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அறை வாடகையும் தேநீரும் போகச் சிறு தொகை மிச்சம். பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. இக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போக வேண்டும் என்பதை நினைவூட்டுகிறேன். சந்திப்புக்கு வராதவர்கள் வராத காரணத்தையாவது சொல்லலாம். நாற்காலி போடுகிறவருக்கு உதவியாக இருக்கும்.

தலைவருக்கும், அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை வேறொருவர் ஏற்பதானால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கிறேன். ஆனால் அந்த ஐந்து கதைகள் கோப்போடு அலமாரிக்குள் போய்விடக் கூடாது. இன்னும் ஐந்து வந்தால் புத்தகமாகிவிடும். அச்சகத்தில் முன்பணம் கேட்கிறார்கள். கதையோ சந்தாவோ, சித்ரா பௌர்ணமிக்குள் என்னிடம் சேர்த்துவிடுங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்