சங்கிலியிலிருந்து கழற்றித் தந்த கைபேசி

அன்புடையீர்,

வணக்கம். இன்று பிற்பகல் என் தோழியை மருத்துவமனையிலிருந்து விடுதிக்கு அழைத்து வந்துவிட்டோம். மேல்மாடிக் கட்டிலில் இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு அவள் உறங்குகிறாள். எங்கள் இன்னொரு தோழி அவளருகே அமர்ந்திருக்கிறாள். நான் கீழே சமையலறை மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் இப்போது இரவு பத்து மணி. அங்கே உங்களுக்குக் காலை எட்டரை ஆகியிருக்கும். தோழிக்கு அவசர அறுவை, அதற்கிடையே எங்கள் பையும் பறிபோனது எனக் கடந்த ஒன்பது நாள்களில் எங்களுக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்தச் செய்தியைக் கைக்குக் கை கொண்டு சேர்த்தவர்களே நீங்கள்தாம் என்பதால், அதை மறுபடி விவரித்து உங்களைக் கலங்க வைக்க எனக்கு மனமில்லை. காய்ச்சல் விட்டு மூன்று நாள்கள் ஆகின்றன, தையல் பிரித்த பிறகு விமானம் ஏறலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்பதை மட்டும் முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். மூவரின் கைபேசிகளும் பணமும் இருந்த பை பறிபோன பிறகு, முதல் செய்தியை எப்படி அனுப்பினாய் என்பதே அக்கேள்வி. அப்போது ஒரு வரியில்கூடப் பதில் எழுத என்னால் இயலவில்லை. உங்கள் உதவி அனைத்தும் தொடங்கிய இடம் அதுவே ஆகையால், இன்று அதைத்தான் எழுத விரும்புகிறேன்.

பொகோட்டாவின் தெருமுனைகளில் ‘மினுத்தோஸ்’ என்று கையால் எழுதிய பலகையை வைத்துக்கொண்டு சிலர் நின்றிருப்பார்கள். அச்சொல்லுக்கு நிமிடங்கள் என்று பொருள். ஒரு கைபேசி நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசுவது செலவு மிகுந்ததாக இருந்த காலத்தில், நிறுவனத்துக்கு ஒன்றாகக் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு, வழிப்போக்கர்களுக்குப் பேசும் நேரத்தை நிமிடக் கணக்கில் விற்பது இங்கு ஒரு பிழைப்பாக வளர்ந்தது. பேசுகிறவர் அப்படியே நடந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு கைபேசியும் ஒரு மெல்லிய சங்கிலியால் விற்பவரின் பெட்டியோடோ இடுப்போடோ பிணைக்கப்பட்டிருக்கும். இப்போது அந்தத் தொழில் தேய்ந்துவிட்டதால், மிட்டாயும் சிகரெட்டும், ‘தின்த்தோ’ எனப்படும் பாலில்லாக் காப்பியும் சேர்த்து விற்றால்தான் அவர்களுக்கு நாள் கழிகிறது.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஏழாவது கரேரா என்ற சாலையும் ஹிமேனெஸ் நிழற்சாலையும் கூடுமிடத்தில், சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் சுவரோரம் நான் மழையில் அமர்ந்திருந்தேன். கடவுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டு வந்தவள் நான். விடுதி ஐந்தாறு தெருக்கள் தள்ளித்தான் இருந்தது. ஆனால் நெரிசலான பேருந்திலிருந்து இறங்கித் தோளைத் தடவிப் பார்த்த பிறகு என் கால்கள் நகரவில்லை. எதிரே குடையின் கீழ் நின்றிருந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தம் பெட்டியை விட்டு எழுந்து வந்து, “அழாதீர்கள், சுமெர்செ. யாருடன் பேச வேண்டும்?” என்று கேட்டார்.

சுமெர்செ என்பது இந்த மலைநாட்டு மக்கள், சிறப்பாகப் போயாக்கா மாகாணத்தார், ‘நீங்கள்’ என்பதற்கு இணையாகச் சொல்லும் பழைய மரியாதைச் சொல். ‘தங்கள் கருணை’ என்ற பொருளுடைய இரண்டு ஸ்பானியச் சொற்கள் நாவில் தேய்ந்து ஒன்றான வடிவம் அது. நகரத்துக்கு வந்த நாள் முதல் காய்கறிக்காரர் வாயிலும் விடுதிக்காரர் வாயிலும் அதைக் கேட்டிருக்கிறேன். கருணை தேவைப்பட்ட ஒருத்தியை, அதைத் தந்தவரே ‘தங்கள் கருணை’ என்று விளித்த அந்தக் கணத்தில்தான் அச்சொல்லின் முழு எடையும் எனக்கு விளங்கியது.

முதலில் சங்கிலியோடு இருந்த கைபேசியில் மருத்துவமனைக்குப் பேசினார். என் அரைகுறை ஸ்பானியத்தை அவர் தம் மொழியில் செப்பனிட்டுச் சொல்ல, மறுமுனையில் காத்திருக்கச் சொன்னார்கள். மழை வலுத்தது. நான் நடுங்குவதைக் கண்ட அவர், இடுப்புப் பட்டையிலிருந்த சங்கிலிக் கொக்கியைக் கழற்றி, கைபேசியை என் கையில் வைத்து, தேவாலய வாசலின் வளைவுக்குள் போய் நின்று பேசுமாறு சைகை காட்டிவிட்டுத் தம் பெட்டிக்குத் திரும்பிவிட்டார். இந்நகரத்தில் எல்லோரும் எங்களுக்கு முதல் நாளே கற்பித்த ஒரு சொலவடை உண்டு: பப்பாளியைக் கொடுக்காதே. உன் பொருளை எளிதில் எடுக்கும்படி எவர் முன்னும் நீட்டாதே என்பது அதன் பொருள். இந்த ஊரிலேயே வாழ்ந்து அதை நம் அனைவரையும்விட நன்கறிந்த ஒருவர், தம் பிழைப்புக்கான கருவியை, எந்த நாடு என்றும் கேட்காமல், மழைக்குள் ஓடிப்போகக்கூடிய ஓர் அந்நியளிடம் கொடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் அந்தக் கைபேசி என்னிடம் இருந்தது. அவர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்குப் பேசுவதற்கு அவருடைய சொந்தக் கைபேசியையே மேலங்கிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். எனக்கு மனப்பாடமாக இருந்த எண் ஒன்றே ஒன்று, என் அம்மாவின் எண். அங்கே அப்போது நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி. அம்மா எடுத்தார், அம்மாவிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து உங்களுக்கும் செய்தி போனது. விடியும் முன்னரே உங்களில் நாற்பது பேர் விழித்திருந்தீர்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மருத்துவமனையின் முகவரியை ஒரு மிட்டாய்ப் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதித் தந்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நான் இனித் தனியே அலைய நேரும் என்பதை ஊகித்து, அந்த எண்களை எப்படிப் படிப்பது என்றும் கற்பித்தார். கரேராக்கள் மலைக்கு இணையாக ஓடுகின்றன, காயே எனப்படும் தெருக்கள் மலையிலிருந்து குறுக்கே இறங்குகின்றன. 12ஆவது காயே, எண் 5-30 என்றிருந்தால், அந்தக் காயேயில் 5ஆவது கரேராவின் முனையிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் நடக்க வேண்டும் என்று பொருள். திசை குழம்பினால் மொன்செராத்தே சிகரத்தின் வெள்ளைத் தேவாலயத்தைத் தேடு, அது எப்போதும் கிழக்கு என்றார். பத்து நாள்களாகக் கைபேசி வரைபடத்தை மட்டுமே நம்பி நடந்த எனக்கு, அந்த அட்டைத் துண்டுதான் பொகோட்டாவை முதன்முதலாகக் காட்டியது.

அடுத்த மூன்று நாள்கள் உங்கள் செய்திகள் அனைத்தும் அவருடைய கைபேசிக்கே வந்து சேர்ந்தன. தமிழில் ஓர் எழுத்தும் அறியாத அவர், எதையும் அழிக்காமல், குரல் பதிவுகளில் கவலை தொனித்தவற்றை எனக்காகத் தனியே குறித்து வைத்திருந்தார். அவர் குறித்தவற்றில் பெரும்பாலானவை உண்மையிலேயே அவசரமானவை. ஞாயிற்றுக்கிழமை என்னால் மருத்துவமனையை விட்டு அகல முடியவில்லை. 1974 முதல் நடந்துவரும் வழக்கப்படி, ஞாயிறு காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை இந்நகரத்தின் 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் மிதிவண்டிகளுக்கும் நடப்போருக்கும் விடப்படுகின்றன. ஏழாவது கரேராவும் அவற்றுள் ஒன்று. அந்த அம்மாவின் மகன் நாற்பதுக்கும் மேற்பட்ட தெருக்களைக் கடந்து மிதிவண்டியில் வந்து, அந்தக் கைபேசியையும் ஒரு சுடுநீர்க் குடுவையையும் மருத்துவமனை வாயிலில் என்னிடம் தந்தார். குடுவையில் இருந்தது ‘பனேலா’ கரைத்த வெந்நீர். பனேலா என்பது கரும்புச் சாற்றைக் காய்ச்சி வார்த்தெடுக்கும் நம் அச்சு வெல்லமேதான். முதல் வாய் குடித்ததும் மார்கழிக் காலையின் பாட்டி வீடு நினைவுக்கு வந்து, ஒன்பது நாள்களில் அன்று மட்டுமே நான் வாய்விட்டு அழுதேன்.

மற்ற அனைவருக்கும் தனித்தனியே எழுதக் கடமைப்பட்டிருந்தும், இப்போதைக்கு ஒருசேர நன்றி கூறுவதைப் பொறுத்தருள வேண்டும். அறிமுகமே இல்லாமல் பணம் அனுப்பியவர்கள், இரவெல்லாம் விழித்திருந்து மருத்துவ அறிக்கைகளை மொழிபெயர்த்த செவிலியர், தற்காலிகப் பயண ஆவணங்களுக்காக அலுவல் நேரம் கடந்தும் காத்திருந்த இந்தியத் தூதரக அலுவலர்கள், நிகழ்வுக்குப் பிந்தைய நாள்களுக்கு வாடகை வாங்க மறுத்த விடுதி உரிமையாளர், பக்கத்துக் கட்டில் நோயாளியின் குடும்பத்தார், அறுவை செய்த மருத்துவர்கள் ஆகிய அனைவரையும் வணங்குகிறேன். முன்பணம் கட்ட வழியில்லையே என்று நாங்கள் கைபிசைந்தபோது, அவசர சிகிச்சையின் முதற்கட்டத்தை எவருக்கும், பணம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், அளித்தே தீர வேண்டும் என 1993ஆம் ஆண்டின் 100ஆம் எண் சட்டம் சொல்கிறது என்று அமைதியாக விளக்கிய வரவேற்பறை ஊழியரையும் மறக்க மாட்டேன். நீங்கள் அனுப்பிய தொகையில் மருத்துவச் செலவும் பயணச் செலவும் போக மீதமிருப்பதை, ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் கணக்கோடு அவரவர்க்கே திருப்பி அனுப்புவோம்.

குறைந்த செலவில் ஊர் சுற்றுவதைப் பெருமையாக எண்ணியே நாங்கள் மூவரும் புறப்பட்டோம். சூப்பும் சோறும் அவரையும் வாழைக்காய் வறுவலும் சாறும் அடங்கிய ‘கொரியெந்தாசோ’ மதியச் சாப்பாட்டை மலிவான கடை தேடி உண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணமில்லை என்பதால் தங்க அருங்காட்சியகத்தை ஞாயிறன்று பார்த்தோம். ஓவியர் பெர்னாண்டோ போத்தேரோ தம்முடைய 123 படைப்புகளையும், தாம் திரட்டிய பிறருடைய 85 படைப்புகளையும் கொடையாகத் தந்ததால் உருவான அருங்காட்சியகத்துக்குக் கட்டணமே கிடையாது என்பதால் இருமுறை சென்றோம். ஒவ்வொரு மாலையும் எவ்வளவு மிச்சப்படுத்தினோம் என்று கணக்கெழுதினேன். அந்த ஏட்டில் ‘கொடுத்தவர்’ என்றொரு பத்தி இருக்கவில்லை என்பது இப்போதுதான் உறுத்துகிறது. கட்டணமில்லாத ஒவ்வொன்றின் பின்னும், கொடுப்பது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். நாங்கள் அதை எங்கள் சாமர்த்தியம் என்று எழுதி வைத்திருந்தோம். நேரத்தை விற்றுப் பிழைக்கும் ஒருவர் தம் நேரத்தை நான்கு நாள்கள் விலையின்றித் தந்தார். கணக்கு எவ்வளவு என்று நான் கேட்டபோது, எண்ணவில்லை என்றார். இனி நான் எந்த ஊருக்குச் சென்றாலும் அந்தப் பத்தியை முதலில் வரைவேன். ஐந்து எண்களை மனப்பாடம் செய்துவிட்டேன். அவற்றுள் ஒன்று அவருடையது.

இந்த மடலை அவரிடம் தமிழிலேயே படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பொருளை மகன் பிறகு மொழிபெயர்ப்புச் செயலியில் பார்த்துச் சொல்வாராம். முதலில் ஓசையைக் கேட்க வேண்டுமாம். அத்துடன், தம் பலகையில் ‘மினுத்தோஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே அதற்குரிய தமிழ்ச் சொல்லையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். நாளை காலை மழை தொடங்கும் முன் போக வேண்டும். நீரில் அழியாத மையுள்ள பேனா ஒன்றை விடுதிக்காரர் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
மூவரின் சார்பில் ஒருத்தி,
பொகோட்டா