விடைக்கு முன்னால் நிறுத்து

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் லேப்டாப்பைச் சுற்றி முண்டியடிக்கும் படத்தை அம்மா தெருவுக்கே காட்டிவிட்டாள். எல்லாப் படத்திலும் பிள்ளைகள்தான். நீ ஒன்றிலும் இல்லை.

மலையில் சிக்னல் இல்லை என்று நீ சும்மா உட்காரவில்லை. திருப்பத்தூர் இறங்கும்போதே அந்த பெட் (PhET) சிமுலேஷன்களை, திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளை, இறக்கிக்கொண்டு போகிறாயே, அதைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது, இன்று ஜவ்வாது மலையில் நெட் இல்லாமலே ஓடுகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். விடை வருவதற்கு முன்னால் நிறுத்திவிடு. பேட்டரி, ஒயர், பல்பு மாட்டும் அந்தச் சிமுலேஷனையே எடுத்துக்கொள். பல்பு கரண்டைத் தின்றுவிடும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கும். என் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தது. "பல்பைத் தாண்டி எவ்வளவு வரும்?" என்று முதலில் கேள். குறையும் என்று நோட்டில் எழுதட்டும். அப்புறம் சுவிட்சைப் போடு. திரையில் எலக்ட்ரான்களைக் காட்டும் நீலப் புள்ளிகள் வேகம் குறையாமல் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, "அப்படின்னா பேட்டரி ஏன் டீச்சர் தீருது?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும். உடனே பதில் சொல்லிவிடாதே.

திரையோடும் விட்டுவிடாதே. அங்கே ஒயரைக் கொண்டுபோய் வைத்தாலே ஒட்டிக்கொள்கிறது. கையில் எடுத்தால் நுனியில் பிளாஸ்டிக்கைச் சுரண்டாமல் பல்பு எரியாது. அதையும் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும். பழைய மாதிரி டார்ச் பல்பும் ஒயரும் வாங்கி வைத்திருக்கிறேன், பார்சலில் அனுப்புகிறேன். பேட்டரி மட்டும் அங்கே வாங்கிக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கு இறங்கும் நாட்களில் நடுராத்திரியிலும் நீ ஆன்லைனில் இருப்பதாகக் காட்டுகிறது. பாடத்துக்கு ஏதோ இறக்குகிறாள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எங்களுக்கு ஒரு போன் செய்ய அதில் இரண்டு நிமிஷம் கிடைக்காதா?

மாமன் வீட்டு விசேஷத்துக்கு மாப்பிள்ளை மட்டும் வந்துவிட்டுப் போனார். நன்றாகத்தான் பேசினார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

நிறுத்திக் கேட்பதை மட்டும் மறந்துவிடாதே. அவசரப்பட்டு அடுத்த பாடத்துக்கு ஓடாதே. உன் தலைமையாசிரியர் பாராட்டினார் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்கு அது புதிதில்லை.

பொங்கலுக்கு நீ வருகிறாயா, இருவரும் வருகிறீர்களா என்று ஆத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என்ன சொல்லட்டும்?

அப்பா