மற்றும் பலரில் ஒருவருடைய ரசிகருக்கு

ஐயா,

உங்களுக்கு அனுப்பிய பதிவுத் தபால் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. முதல் முறை 'வீடு பூட்டியுள்ளது' என்று. இரண்டாம் முறை 'இந்த விலாசத்தில் இல்லை' என்று சிவப்பு மையில் கிறுக்கி. அதனால்தான் ஊரே பார்க்க இங்கே எழுதுகிறேன். பேரன் செல்போனில் பழைய படமெல்லாம் தேடித் தருகிறான் என்று தை மாதக் கடிதத்தில் சொல்லியிருந்தீர்கள். அவன் கண்ணில் இது பட்டால் போதும். தம்பி, நீ படித்துக் காட்டுவதாக இருந்தால் தாத்தாவின் வலப் பக்கம் உட்கார்ந்து படி. இடது காது கேட்காது என்று எழுதியிருக்கிறார்.

அப்பா போய் நேற்றோடு ஒரு வருடம் ஆகிறது.

இதை இப்படிச் சொல்ல வேண்டியிருப்பதற்கு மன்னியுங்கள். பேப்பரில் வரவில்லை. வரவைக்க நாங்களும் யாரிடமும் போய் நிற்கவில்லை. உங்களுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. பிறகு தை பிறந்ததும் வழக்கம்போல அவருடைய பிறந்தநாளுக்கு உங்கள் கடிதம் வந்தது. 'அண்ணன் அவர்கள் நீடூழி வாழ்க' என்று மேலே மஞ்சள் தடவி. பத்து நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். 1988இல் தொடங்கி மொத்தம் 38 கடிதங்கள். கடைசி ஒன்றை மட்டும் அவர் படிக்கவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: அப்பாவின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டாலும் உங்களுக்குத் தெரியாது. படங்களின் பெயரும் வேண்டாம். படத்தில் எழுத்துப் போடும்போது 'மற்றும் பலர்' என்று வருமே, அதற்குள் இருந்தவர் அவர். அது போதும்.

நீங்கள் வீட்டுக்கு வந்த அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். 2019, வைகாசி. மணி பதினொன்று இருக்கும். கதவைத் திறந்தால் வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. ராத்திரி பஸ்ஸில் அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பி, விடிந்ததும் கோயம்பேட்டில் இறங்கி, அங்கேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னீர்கள். பெயரைச் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் கையெழுத்து எப்படியோ அப்படியே இருந்தீர்கள், ஒரு பக்கம் சாய்ந்து.

"அப்பா ஊரில் இல்லை" என்றேன்.

யோசிக்காமல் வந்தது. சொல்லி வாயை மூடவில்லை, உள் அறையிலிருந்து அப்பா கனைத்தார்.

அந்தக் கனைப்பு. நீதிபதி தீர்ப்பு வாசிக்கும் முன்னால், கல்யாணத் தரகர் ஜாதகத்தைப் பிரிக்கும் முன்னால், இன்ஸ்பெக்டர் வாசல்படி ஏறும் முன்னால் வருமே, இரண்டு தரம் சின்னதாக, மூன்றாவது கொஞ்சம் இழுத்து. பையனாகச் சேர்ந்த நாடகக் கம்பெனியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கவேண்டும் என்று வாத்தியார் பழக்கிவிட்டது, சினிமாவுக்கு வந்த பிறகும் போகவில்லை என்று சொல்வார். சவுண்ட் இன்ஜினியர்கள் திட்டுவார்களாம். தமிழ்நாட்டில் அதை அடையாளம் சொல்லக்கூடிய ஒரே மனிதரை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு நான் அப்பா ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் லேசாக முகத்தைத் திருப்பினீர்கள். அன்றைக்கு ஏன் என்று புரியவில்லை. இப்போது தெரிகிறது, கேட்கிற காதை உள்பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். ஒரு நிமிடம் அப்படியே நின்றீர்கள். பிறகு, "சரி தாயி. வந்ததும் சொல்லுங்க" என்று பையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனீர்கள். தண்ணீர்கூட நான் கேட்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை நீங்கள். பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நியாயப்படுத்த அல்ல. சரி, நியாயப்படுத்தத்தான்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் இரண்டு பையன்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். பழைய நடிகர்களைப் பேட்டி எடுக்கிறோம் என்றார்கள். அப்பா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, ஜிப்பா மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஜிப்பா வேண்டாம், பனியனோடு இருந்தால் இயல்பாக இருக்கும் என்றார்கள். கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். அரை மணி நேரம் அவர் நாடகத்தைப் பற்றிப் பேசினார், வாஹினி ஸ்டூடியோவைப் பற்றிப் பேசினார், தூர்தர்ஷனைப் பற்றிப் பேசினார். அதில் எதுவும் வரவில்லை. மருந்துச் சீட்டைத் தேடி அவர் தடுமாறிய இடம் மட்டும் வந்தது, கீழே சோக வயலினோடு. தலைப்பு: 'சோத்துக்கே வழியில்லாத பழம்பெரும் நடிகர்.' அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "பழம்பெரும்னு போட்டிருக்கான் பாரு" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கப்புறம் யார் யாரோ வந்தார்கள். பணம் வந்தது, அதைப் பற்றி இங்கே எழுத முடியாது, அண்ணனும் இதைப் படிப்பான். நலிந்த கலைஞர் நிதியுதவிக்கு விண்ணப்பம் போடுங்கள் என்று ஒருவர் படிவத்தையே கொண்டுவந்தார். நல்ல மனசு. ஆனால் அப்பாவுக்கு 'நலிந்த' என்ற சொல் பிடிக்காது. "நாடகத்துல பட்டினி கிடந்தப்போகூட என்னை யாரும் நலிஞ்சவன்னு சொன்னதில்ல" என்று படிவத்தை மடித்து மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் கதவைத் திறக்கக் கூடாது என்று நான் முடிவெடுத்தேன். நீங்கள் வேறு ஆள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

அந்த வருடத்துக்கு அடுத்த தையிலும் கடிதம் போட்டீர்கள். வந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை? நீங்கள் பெருந்தன்மையாக இருந்துவிட்டுப் போனீர்கள். ஆறு வருடம் அதைச் சுமந்தது நான்.

கோபமாகவும் இருக்கிறது ஐயா, மறைப்பானேன். நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். எத்தனை படம், எந்த வருடம், எந்த ஸ்டூடியோ. தமிழ்ப் படங்களைப் பட்டியல் போட்டுவைத்த பிலிம் நியூஸ் ஆனந்தன் 2016இல் இறந்தபோது, இனி யார் கணக்கு வைப்பது என்று நான்கு பக்கம் புலம்பி எழுதினீர்கள். நீங்கள் எண்ணிய அந்தப் படங்களில் பலதும் ஒரு நாள் கால்ஷீட். காலையில் கம்பெனி வேனில் ஏற்றிப் போய் சாயங்காலம் பேட்டா கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பேட்டாவுக்காகப் புரொடக்‌ஷன் மேனேஜர் பின்னாலேயே சுற்றிய நாட்களும் உண்டு. உங்கள் நோட்டில் 1971க்கு ஏழு படம். அந்த வருடம் அம்மா வளையலை விற்றாள். அது எந்த நோட்டிலும் இல்லை. எங்களுக்குக் கிடைத்த அப்பா மீதி அப்பா. நல்லதை எல்லாம் அருப்புக்கோட்டையில் நீங்கள் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்படி எழுதிய உடனே வெட்கமாக இருக்கிறது. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஏனென்றால் உங்கள் கடிதம் வரும் நாளில் அவர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு கதை அடிக்கடி சொல்வார். ஸ்டூடியோ கேட்டில் எப்போதும் கூட்டம் நிற்கும். வெளியே வரும் ஒவ்வொரு காரையும் மொய்ப்பார்கள். கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் இருப்பவர்களிடம் கத்துவார்களாம்: "உள்ள யாருமில்லப்பா!" உள்ளே அப்பாவும் இன்னும் மூன்று பேரும் மேக்கப் கலைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்டோபர் 1 வந்தால் சிவாஜியைப் பார்க்க அன்னை இல்லத்து வாசலில் கூடும் கூட்டத்தைப் பற்றி அவரே ரசித்துச் சொல்வார், ராமாவரம் தோட்டத்துச் சாப்பாட்டைப் பற்றியும். பொறாமை இருந்ததில்லை. மன்றமும் கொடியும் தோரணமும் ஹீரோவுக்கு என்பது அவருக்கு மழை வெயில் மாதிரி. தனக்கென்று ஓர் ஆள் இருப்பான் என்றுதான் அவர் நினைக்கவில்லை. அதுவும் சினிமாவால் வந்த ஆள் இல்லை. தூர்தர்ஷனில் செவ்வாய்க்கிழமை நாடகத்தில் பெயரைத் தனியாகப் போட்டார்கள், நீங்கள் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்துவிட்டு சுவாமி சிவானந்தா சாலை விலாசத்துக்கே எழுதினீர்கள், அங்கிருந்து யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். கனைப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்று அதில் இருந்தது.

அதே கடிதத்தில்தான் டூரிங் டாக்கீஸில் நீங்கள் பார்த்த தபால்காரர் வேடமும் இருந்தது.

சரி, மஞ்சள் பைக்கு வருகிறேன். மேலே சாத்தூர் சேவு. அப்பாவுக்குப் பல் செட் நிற்காது, ஒவ்வொன்றாக வாயில் ஊறவைத்துப் பத்து நாள் தின்றார். அடியில் உங்கள் நோட்டு. 112 படங்கள். அவரிடம் கேட்டால் அறுபது எழுபது இருக்கும் என்பார். ஒன்பது இடத்தில் கேள்விக்குறி. எட்டு பென்சிலால், மங்கிப்போயிருந்தது. ஒன்று மட்டும் புதிது, பால்பாயின்ட் பேனா. வரிசை எண் 1, அந்தத் தபால்காரர் படம். பக்கத்தில் இரண்டே சொல்: 'கனைப்பு இல்லையே?'

படித்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. இதைக் கேட்கத்தான் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தீர்கள் என்று அப்போது தெரிந்தது. அந்தப் படத்தைப் பேரன் போனில் போட்டுக் காட்டியிருப்பான். டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்ததை ஐம்பது வருடம் கழித்துக் கையகலத்தில் பார்த்திருப்பீர்கள். நிறுத்தி நிறுத்தி.

ஒவ்வொரு கேள்விக்குறியாக அப்பாவிடம் கேட்டேன். நினைவு வந்து வந்து போகும் காலம் அது. ஒரு பதிலுக்கு ஒரு வாரம்கூட ஆனது. நேற்றுத் திவசம் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனியும் வைத்திருப்பது சரியில்லை. பதில்களை எழுதிவிடுகிறேன், எண்கள் மட்டும்.

14: ஆமாம். 29: ஆமாம், ஆனால் அவருக்குக் குரல் கொடுத்தது வேறு ஆள், அதில் அவருக்கு வருத்தம். 33: இல்லை. 47: சவ ஊர்வலத்தில் நடந்துபோகும் முதுகு அவருடையதுதான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். 58: ஆமாம். 60: நினைவில்லை. 81: எடுத்தார்கள், வெட்டிவிட்டார்கள், பாட்டுப் புத்தகத்தில் பெயர் இருக்கும். 102: இல்லை, அது நாடகம்.

1: இல்லை.

அந்தத் தபால்காரர் அப்பா இல்லை ஐயா. அதே நாடகக் கம்பெனியில் கூட இருந்தவர், கிட்டத்தட்ட ஒரே ஜாடை. கோடம்பாக்கத்தில் ஒரே அறையில் கொஞ்ச காலம் இருந்தார்களாம். உங்கள் முதல் கடிதம் வந்தபோது அவர் செத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். "தபால்காரனா, நான் எப்போ?" என்று சிரித்தார் அப்பா. அப்புறம் சிரிப்பு நின்றது. நெடுநேரம் கழித்து, "ஊர்ல ஒருத்தன் நினைச்சுக்கிட்டு இருக்கான். கெடுப்பானேன், எழுது" என்றார். 'அந்த வேடம் எனக்கும் மிகவும் பிடித்தது' என்று எழுதினேன். என் கையெழுத்து. உங்களுக்கு வந்த பதில்கள் எல்லாமே என் கையெழுத்துதான்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இன்னொருவருக்கு வர வேண்டிய ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டார். மற்ற 37உம் அவருக்கே வந்தவை என்று நான் நினைக்கிறேன். நீங்கள் அப்படி நினைக்கவேண்டும் என்றில்லை.

அந்தத் தபால்காரராக நடித்தவரின் பெயரை நோட்டில் எண் 1க்கு நேராக அப்பாவே எழுதிவைத்திருக்கிறார், கை நடுங்க. இங்கே போட மனமில்லை. நோட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. தம்பி, கீழே உங்கள் புது விலாசத்தைப் போட்டுவிடாதே, எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குத் தனியாக எழுது. இல்லை, தாத்தாவால் பயணம் முடியும் என்றால் கூட்டிக்கொண்டு வா. நான் வீட்டில்தான் இருப்பேன்.