சலவன்பேட்டை வீட்டுக்கு என்ன நிறம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்தன. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சின்னவளுக்கு வைகாசியில் கல்யாணம் கூடியிருக்கிறது. பத்திரிகையோடு நேரில் வருகிறேன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பெயிண்டர் சொன்ன அடர் சாம்பல் வேண்டாம். உன் முகப்பு மேற்குப் பார்த்தது. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை அந்தச் சுவர் வெயிலில் நிற்கும். அடர் நிறம் சூட்டைக் குடிக்கும். சுவர் விரிந்து சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும், ஐப்பசி மழை அதன் வழியே உள்ளே இறங்கும்.

ஆனால் நிறத்துக்கு முன்னால் சுவரைப் பார். அது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளிக்காற்றில் விடுவது அதன் சுபாவம். படத்தில் அடியிலிருந்து 3 அடிவரை தெரியும் கொப்புளத்துக்குப் பெயிண்டின் தரம் காரணமில்லை. முன்பு அடித்த எமல்ஷன் பெயிண்ட் பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடிவிட்டது. வெளியேற வழியில்லாத ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு பெயிண்டை உரிக்கிறது. அதன்மேல் பட்டி மாவு பூசிச் சமப்படுத்தி மறுபடி அடித்தால் அதுவும் உரியும். அந்த இடத்தில் சிமெண்ட் பூசவும் விடாதே. ஈரம் சிமெண்டைத் தாண்டி இன்னும் மேலே ஏறிவிடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அந்தச் சாந்துதான் சேரும்.

அதனால் முகப்புக்கு நான் சொல்வது சுண்ணாம்புதான். நிறம் கம்மி என்று நினைக்காதே. சுண்ணாம்பின் காரத்தில் இரும்பு ஆக்சைடுப் பொடிகள் நிற்கும். மஞ்சள் காவி, செங்காவி, கறுப்பு. பளிச்சென்ற சாயப்பொடிகள் பல வெளுத்துப்போகும். உன் வீட்டில் மாற்ற முடியாதவை எவை? மங்களூர் ஓடு, திண்ணையின் சிவப்புத் தரை, தேக்குத் தூண். எல்லாமே செம்மண் குடும்பம். சாம்பல் இவற்றோடு ஒட்டாது. சுவருக்கு மஞ்சள் காவி கலந்த சந்தன நிறம், கார்னிஸுக்கும் ஜன்னல் பட்டைக்கும் வெள்ளை, அடியில் 2 அடிக்குச் செங்காவி. தெருவிலிருந்து மழைத்தண்ணீர் தெறித்துக் கறை படியும் உயரம் அதுதான், அதற்குத்தான் பெரியவர்கள் அங்கே காவி அடித்தார்கள். கதவுக்குப் பெயிண்ட் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் போதும்.

பழைய எமல்ஷனை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், சுண்ணாம்பு அதன்மேல் பிடிக்காது. கூலி இங்கேதான் அதிகம் ஆகும், இதில் மட்டும் மிச்சம் பார்க்காதே. கம்பி பிரஷ் போட்டு, உப்பைத் தண்ணீர் விடாமல் உலரவே தட்டி எடுக்கச் சொல். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். சுண்ணாம்பை முந்தின நாளே தண்ணீர் விட்டு நீற்றி, துணியில் வடிகட்டி, கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் கணக்கில் கரைக்கட்டும். கொஞ்சம் கோந்து சேர்க்கலாம். கிலோவுக்கு 50 கிராம் மஞ்சள் காவியில் ஆரம்பி. 100 கிராமைத் தாண்டினால் கையில் ஒட்டும். பொடியைத் தனியாக ஊறவைத்து வடிகட்டிச் சேர்க்காவிட்டால் கோடு கோடாக விழும். முகப்பு முழுவதுக்கும் ஒரே டிரம்மில் கலக்க வேண்டும், அதே நிறம் இரண்டாம் முறை வராது. சுவரை நனைத்துக்கொண்டு மெல்லிசாக மூன்று கை, அதாவது மூன்று பூச்சு, அடிக்கட்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் பொடியாக உதிரும், அதனால் மேற்குச் சுவரைக் காலையிலேயே முடிக்க வேண்டும். சுண்ணாம்பு தெறிக்கும், அடிப்பவர் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

பின்கட்டு சிமெண்ட் பூச்சு என்பதால் அங்கே எமல்ஷன் அடிக்கலாம். 80 அடி நீளம், 11 அடி உயரம், 880 சதுர அடி. ஜன்னல், கதவு போக 800. இரண்டு கைக்கு லிட்டருக்கு சுமார் 55 சதுர அடி என்றால் 15 லிட்டர். ஒரே தடவையில் வாங்கி, எல்லா வாளியையும் ஒன்றாகக் கலந்துகொள். அட்டையில் பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளுப்பாக எடு, பெரிய சுவரில் நிறம் கூடித் தெரியும்.

போகிக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதே. கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் சுவரில் இருக்கும். மாசியில் ஆரம்பி. அதற்கு முன் முகப்பில் 3 அடிக்கு 3 அடியாக, கிலோ சுண்ணாம்புக்கு 40, 60, 80 கிராம் மஞ்சள் காவியில் மூன்று சதுரம் அடித்துப் பார். ஈரத்தில் இருட்டாகத் தெரியும், பயப்படாதே. இரண்டு நாள் காயவிட்டு, காலை, மத்தியானம், சாயங்காலம் என்று ஒவ்வொரு படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மோகன்