ஒருத்தர் திரும்பினா எல்லாரும் திரும்பணுமா?

கஸ்டமர் எல்லாருக்கும் வணக்கம். போன கயாக் ட்ரிப்புல ஒருத்தருக்கு தோள்பட்டை பிடிச்சுக்கிட்டதும் மொத்த குரூப்பையும் கரைக்கு திருப்பிட்டோம், அதுக்கு சில பேரு வாட்ஸ்அப்ல நல்லா காய்ச்சி எடுத்துட்டீங்க, "அவரை மட்டும் ஒரு கைடோட அனுப்பியிருக்கலாம்ல, நாங்களும் காசு குடுத்துதானே வந்தோம்"னு. கேள்வி நியாயம்தான், அதான் இந்த மடல்.

ஆடி மாசம் நாம ராமேஸ்வரம் ரோட்டுல தெக்குப் பக்கம் மன்னார் வளைகுடாவுல எறங்குறதில்ல, தென்மேற்கு காத்துல அங்க கடல் கொந்தளிக்கும். வடக்க அரியமான் பக்கம், பாக் விரிகுடாவுல, தண்ணி அலையே இல்லாம தட்டையா கெடக்கும். அதுலதான் ஏமாந்துபோறது. அங்க காத்து நம்ம முதுகுக்குப் பின்னாடி கரையில இருந்து கடலுக்கு அடிக்குது, மரம் மட்டை மறைக்கிறதால கரையில நிக்கிறப்ப தெரியாது, கொஞ்சதூரம் போனதும் துடுப்பே போடாம படகு தானா உள்ள போகும், "ஆஹா நான் என்னமா ஓட்டுறேன்"னு நெனப்பு வரும், திரும்புறப்பதான் எதுத்து அடிக்கிற காத்து யாருன்னு காட்டும். கெணத்துலயும் கம்மாயிலயும் நீச்சல் பழகின நம்ம ஊர்க்காரங்களுக்கு இது பிடிபட நாளாகும்.

இப்ப கணக்கு பாருங்க. முன்னாடி ஒரு கைடு, கடைசியில ஒரு கைடு. பின்னாடி இருக்கவர் ஒருத்தரைக் கூட்டிட்டு கரைக்குப் போயிட்டாருன்னா, அந்நேரம் இன்னொருத்தர் கவுந்தா? முன்னாடி இருக்க கைடுதான் கவுந்த படகோட மூக்கைத் தன் படகு மேல குறுக்க இழுத்துப் போட்டு, தண்ணியை வடிச்சு, நிமித்தி, ரெண்டு படகையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு ஆளை ஏத்தணும். அது முடியிறவரைக்கும் கைடோட ரெண்டு கையும் பிஸி. மத்தவங்க ஆளுக்கொரு திசையில காத்துல போயிட்டே இருப்பாங்க, பாத்துக்க யாருமில்ல. அதனால ஒருத்தர் திரும்பினா எல்லாரும் திரும்புறதுதான், இதுல பேரம் கிடையாது.

உங்க பங்கும் இருக்கு. வேகமா போறவர் மெதுவா போறவருக்காக நிக்கணும், விசில் கேக்காத தூரத்துக்குப் போகக் கூடாது. அதைவிட முக்கியம், கை வலிச்சா வெக்கப்படாம அப்பவே சொல்லுங்க (நண்பர்கள் முன்னாடி கெத்து போகும்னு வாயை மூடிட்டு வர்றவங்கதான் எங்களுக்கு பெரிய பயம்). லைஃப் ஜாக்கெட் பக்கிளை போட்டோவுக்காக கழட்டாதீங்க. கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) நம்பர் 1554, போன்ல சேவ் பண்ணி தண்ணி போகாத பவுச்சுல வைங்க.

தீவுல எறங்கலாமான்னு கேட்டவங்களுக்கு: மன்னார் வளைகுடாவுல இருக்க 21 தீவும் தேசியப் பூங்காவுக்குள்ள வருது, எந்த சீசனா இருந்தாலும் நம்ம ட்ரிப்புல எறக்க மாட்டோம்.

காசு விஷயம்: பாதியில திரும்பினா நீங்க கட்டின காசுல பாதியை அடுத்த ட்ரிப்புல கழிச்சுக்கிறோம், போன தடவை வந்தவங்களுக்கும் சேத்துத்தான். இந்த வாரம் வேன் மதுரை மாட்டுத்தாவணியில ராத்திரி 2 மணிக்கு கெளம்பும், வெயில் ஏற ஏற காத்தும் ஏறும், லேட்டா வர்றவங்களுக்காக நிக்க மாட்டோம்.