ஒரு குடம் நிறையும் நேரம்: ஒரு நன்றி மடல்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் உறவுகளுக்கும், கடல் கடந்த ஊர்களில் இருந்தபடி நாள்தோறும் விசாரித்துக்கொண்டிருந்த நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்று இரவு கடைசி கேசட்டும் ஓடி முடிந்தது. மழை வெள்ளத்தில் நனைந்த டிரங்குப் பெட்டியில் இருந்த, எங்கள் பழைய இசைக்குழுவின் 17 கேசட்டுகளில் 16 முழுமையாகவும், ஒன்று நடுவில் சில நொடிகள் மட்டும் விட்டுப்போன நிலையிலும் நமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. குழுவில் பாடிய எங்கள் நண்பனுடைய அம்மா அவன் குரலைக் கேட்டார். கேட்டு முடித்ததும் எதுவும் பேசாமல், ஒலிப்பெட்டியின் மேல் சற்று நேரம் கையை வைத்திருந்தார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை; விடிவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்த மழை இரவைப் பற்றியும், அந்த வீட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைப் பற்றியும் நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் அனைவரும் அதற்குள் நின்றவர்கள்தான்.

முதலில், ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் சேர்த்து என் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பளவு நீரில் பெட்டியைத் தலையில் சுமந்து வந்த தெருப் பிள்ளைகளுக்கு. கேசட்டுகளைக் கழுவக் குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலும் உப்பு இருக்கும் என்று சொல்லி, வண்டி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து இறக்கிய ஒர்க் ஷாப் நண்பருக்கு. மின்விசிறிக்குக் கீழே நிழலில் உலர்த்த நான்கு நாள் தம் கூடத்தையே ஒழித்துக் கொடுத்த குடும்பத்துக்கு. திருகாணி உள்ள பழைய கேசட் ஓடுகளைத் தேடிப் பிடித்துக் கீழக்கரையிலிருந்து அனுப்பியவருக்கு. ஒவ்வொரு நாடாவையும் புது ஓட்டுக்குள் மாற்றிக் கணினியில் ஏற்றித் தந்த இராமநாதபுரத்து ரேடியோ மெக்கானிக் ஐயாவுக்கும் அவருடைய பேத்திக்கும். நாடாவில் பதிந்த ஒலி காந்தத்தில் இருக்கிறது, தண்ணீர் அதை அழிக்காது, உப்பும் பூஞ்சையும் அவசரமும்தான் அழிக்கும் என்று அந்த ஐயா முதல் நாளே சொன்னார். உப்பையும் பூஞ்சையையும் நீங்கள் எல்லோருமாகத் தடுத்துவிட்டீர்கள். அவசரம் என்னிடம் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன், இந்த ஊரின் இளையவர்களுக்காக அந்தக் கேசட்டுகளில் இருப்பது என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் தீவிலிருந்து மண்டபத்துக்குப் போக 1914இல் கட்டிய இரயில் பாலத்தை விட்டால் படகுதான். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலைப் பாலம் வந்ததும், மண்டபத்துப் பையன்கள் சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபையரைக் கட்டிக்கொண்டு, வாடைக்காற்றுக்கு எதிராக மிதித்து இந்தக் கரைக்கு வரத் தொடங்கினார்கள். எங்கள் இசையைத் தொடங்கி வைத்தது அந்தப் பாலம்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். கைவிடப்பட்ட ஐஸ் கொட்டகை ஒன்று எங்கள் கூடமாயிற்று. கோயில் பாடகர் குழுவில் உபரியாகக் கிடந்த கிட்டார் ஒன்று, மீன் அள்ளும் பிளாஸ்டிக் டிரம்கள் மூன்று, திருவிழாவுக்கு வாடகைக்கு விடும் குழாய் ஸ்பீக்கர் ஒன்று. 1989 முதல் 1993 வரை, சனிக்கிழமை மாலைகளில், எங்களுக்கு இவை போதுமானவையாக இருந்தன.

பங்க் என்றால் அன்று எங்கள் ஊரில் பின்கழுத்து வரை முடி வளர்க்கும் பாணிக்குப் பெயர். அது ஓர் இசைக்கும் பெயர் என்பதைக் கப்பல் வேலைக்குப் போயிருந்த ஓர் அண்ணன் கொண்டுவந்த ஒரே ஒரு கேசட் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதன் ஒரு பக்கத்தில் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 1976இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு முழுவதும் இருந்தது: 14 பாடல்கள், மொத்தம் 29 நிமிடங்கள், 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் அளவெடுத்தாற்போல் அடங்கிவிட்டது. மறுபக்கத்தில் இலண்டன் குழுக்களின் பாடல்கள். எங்களுக்கு ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் கிட்டாரில் மூன்று சுரக்கூட்டு (கார்ட்) தெரிந்தால் போதும், குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை, ஒருவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது முழுமையாகப் புரிந்தது. அவன் தமிழில் எழுதினான். ஐஸ் விலையைப் பற்றி, விசைப்படகு அறுத்துப் போன நாட்டுப்படகு வலைகளைப் பற்றி, அவன் தாத்தா கண்ணால் கண்ட 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றி எழுதினான். 'எங்க கடல் எந்தப் பக்கம், ரெண்டு பக்கமும் உப்புத்தான்' என்று அவன் தொடங்கும்போது அந்தக் கொட்டகையின் தகரம் அதிரும். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் பிறந்த எவருக்கும் அந்த வரிக்கு விளக்கம் தேவைப்படாது. எந்தப் பாடலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. பிறகு ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஊர். அவன் மட்டும் கடலிலேயே இருந்தான். ஒரு நாள் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் தனியாகப் பாடிய பாடல்கள் இருந்தது ஒரே ஒரு கேசட்டில்தான்.

அந்தக் கேசட்டைத்தான் நான் கெடுத்தேன். ஐயா ஒரு வாரம் உலரட்டும் என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நான் மூன்றாம் நாளே அதை டேப் ரிக்கார்டரில் போட்டேன். ஈரம் போகாத நாடா உருளையில் சுற்றிக்கொண்டது. பதறிப்போய் இழுத்தேன். 60 நிமிடக் கேசட்டில் சுமார் 86 மீட்டர் நாடா இருக்கும், அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இராது. அதில் பெரும்பகுதி கையளவு உருண்டையாகச் சிக்கி என் மடியில் கிடந்தது. சிக்கிய இடங்களை வெட்டி ஒட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வெட்டினால் அவன் பாடியதில் பாதி போய்விடும்.

புயல் கூண்டு ஏற்றியிருந்ததால் அந்த நாள்களில் படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. எதிர் வீட்டுத் திண்ணையில் ஓர் அக்கா வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். நான் கையில் அந்த உருண்டையோடு வாசலில் நின்றதைப் பார்த்தவர், வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "இங்க குடுங்க தம்பி" என்றார். என்ன இது என்றுகூட முதலில் கேட்கவில்லை.

மூன்று நாள். வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, கையை ஒவ்வொரு முறையும் துடைத்து, விரல் நுனி நாடாவின் முகத்தில் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்து, அவர் சிக்கெடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முனையைத் தேடிக்கொண்டிருந்தபோது, "முனையைத் தேடாதீங்க, எங்க தளர்வா இருக்குதுன்னு பாருங்க. சிக்குன்னு தெரிஞ்சா இழுக்கக் கூடாது, இடம் குடுக்கணும்" என்றார். அவர் இடம் கொடுத்தார். உருண்டை ஒவ்வொரு சுற்றாக அகன்று, மல்லிகைப் பந்து அவிழ்வதுபோல் வேட்டியெங்கும் படர்ந்தது; விடுபட்ட நீளத்தை நான் பென்சிலைச் சக்கரத்தில் செருகி மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. விட்டுப்போன அந்தச் சில நொடிகளும் என் கை கசக்கிய மடிப்புகள்தான். அவர் கை பட்டு ஒரு சேதமும் இல்லை.

இரண்டாம் நாள் பிற்பகல், வேலையில் மூழ்கியிருந்த அவர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது எங்கள் பாடல். உப்புப் பாடலின் இரண்டாவது அடி, நானே மறந்துவிட்ட அடி.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொட்டகைச் சுவரை ஒட்டி அப்போது தெருக்குழாய் ஒன்று இருந்தது, சனிக்கிழமை மாலைதான் தண்ணீர் விடுவார்கள் என்று நினைவூட்டினார். "உள்ள வர முடியுமா? குடம் நிறையிற வரைக்கும்தானே நிக்க முடியும். ஒரு குடம் நிறைய ஒரு பாட்டு. நாலு குடம் எடுப்பேன், நாலு பாட்டு கேப்பேன்" என்றார். சில நாள் வேண்டுமென்றே குழாயைச் சிறிதாகத் திறந்து வைப்பாராம்.

நான்கு ஆண்டுகள் அந்தக் குழாயடியில் பெண்பிள்ளைகள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யார் வேண்டுமானாலும் பாடலாம் என்பதே இந்த இசையின் பொருள் என்று கொட்டகைக்குள் நாங்கள் மணிக்கணக்காகப் பேசினோம். அந்தக் கப்பல் கேசட்டின் மறுபக்கத்திலேயே எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் என்ற குழுவின் பாடல்கள் இருந்தன; பாடியவர் பாலி ஸ்டைரீன் என்ற இளம்பெண். சோமாலியத் தந்தைக்கும் பிரித்தானியத் தாய்க்கும் பிறந்தவர். ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில், கடலுக்குள் நீண்டிருக்கும் மேடையில், 1976இல் தன் 19ஆம் பிறந்த நாளன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் இசையைக் கேட்டுவிட்டு, அதன்பின் தாமே ஒரு குழுவைத் தொடங்கினார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அறிந்தேன். அந்தக் குரலை நாங்கள் வியந்து வியந்து கேட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் அதே வயதில் குடத்தோடு நின்றவரை ஒரு முறையும் உள்ளே அழைக்கவில்லை. அழைத்திருந்தால் அவர் வீட்டில் விட்டிருப்பார்களா என்பது வேறு. நாங்கள் அழைக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வேண்டியது. அக்கா, இந்த மடலில் உங்களுக்கு நன்றி சொல்கிறேன், மன்னிப்பும் கேட்கிறேன்.

கூலி என்று சொல்லாமல் ஏதாவது பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு அவர் மறுத்துவிட்டார். பெயரையும் எழுதக் கூடாது என்றார். கேசட் முழுவதையும் கேட்டு முடித்த பிறகு, நேற்று இரவு, ஒன்று மட்டும் கேட்டார்.

"இதுல ஒரு பாட்டு இல்லையே. மழை பேஞ்சா எங்க வீட்டுக்குள்ள கடல்னு வருமே, அது?"

மெக்கானிக் ஐயாவின் பேத்தி பட்டியலைத் திரும்பப் பார்த்தாள். 17 கேசட்டுகளிலும் அது இல்லை. அவன் அதை எழுதிய நாள்களில் எங்களிடம் வெற்றுக் கேசட் வாங்கக் காசு இருந்திருக்காது. நாங்கள் அதைப் பதியவே இல்லை. குழுவில் மீதமிருக்கும் மூன்று பேருக்கும் முதல் வரியைத் தாண்டி நினைவில்லை. அக்காவுக்கு மூன்று அடியும், நடுவில் அவன் கத்தும் இடமும், டிரம் நிற்கும் இடமும் தெரிகிறது.

எனவே ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வரும் சனிக்கிழமை மாலை நாங்கள் மூவரும் அந்தத் திண்ணைக்குப் போகிறோம். அவர் சொல்லித் தரத் தர அந்தப் பாடலைக் கற்றுக்கொள்வோம். அவர் சம்மதித்தால் அவர் குரலிலேயே பதிவோம். அவன் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காற்று அடங்கியிருந்தால் மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவோம். வர விரும்புகிறவர்கள் வரலாம், கதவு என்று அங்கே எதுவும் இல்லை.

மாறா நன்றியுடன்,
ஐஸ் கொட்டகையில் கிட்டார் வாசித்தவன்,
பாம்பன்